கோவைக்கு முன்பே போத்தனூர்

நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ரயில் பிடிக்கப் போகிறீர்களா? டிக்கெட்டில் சி.பி.இ. என்றிருக்கிறதா, பி.டி.ஜே. என்றா, பாருங்கள். முன்னது கோவை ஜங்ஷன், பின்னது போத்தனூர். அவசரத்தில் பலர் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம்.

1862-இல் சென்னைப் பாதை வந்தது போத்தனூருக்குத்தான். கோவை ஊருக்குள் வரவில்லை. 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டபோதுதான் கோவைக்கு ரயில் வந்தது. நம் பொள்ளாச்சிக்கு 1915-இல் வந்த மீட்டர்கேஜ் பாதையும் போத்தனூரிலிருந்தே.

பின்னாளில் இருகூரிலிருந்து கோவை வழியாகச் சுற்றுப்பாதை போட்டார்கள். பெரும்பாலான வண்டிகள் ஊருக்குள் வரத் தொடங்கின. ஆனால் கேரளா போகும் சில ரயில்கள் இன்றும் பழைய நேர்ப்பாதையில், போத்தனூரோடு போய்விடுகின்றன. உங்களுடையது அதுவானால், பொள்ளாச்சி பஸ்ஸில் உக்கடம் வரை போகாதீர்கள்; ஈச்சனாரியில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள்.