நிலக்கரி நகரின் பந்தாட்டக் கழகம்: புளூபீல்ட் ஒரியோல்ஸ் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் வரலாறு பெரும்பாலும் பெருநகரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நியூயோர்க், பொஸ்ரன், சிக்காக்கோ ஆகிய நகரங்களின் கழகங்களும் அவற்றின் வீரர்களுமே நூல்களின் பக்கங்களை நிறைப்பர். எனினும் அவ்வீரருட் பலர் தம் முதற் சம்பளத்தைப் பெற்றது, தேசப்படத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சிற்றூர்களிலேயாகும். மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில், அப்பலாச்சிய மலைத்தொடரில் அமைந்த புளூபீல்ட் அத்தகைய ஊர்களுள் ஒன்று. பால்ரிமோர் ஒரியோல்ஸ் என்னும் பெருங்கழகத்தின் துணைக்கழகம் ஒன்று இங்கே 1958 முதல் 2010 வரை, 53 பருவங்கள் இடையறாது இயங்கியது. ஒரே ஊரும் ஒரே தாய்க்கழகமும் இத்துணை நீண்டகாலம் பிணைந்திருந்தமை அவ்விளையாட்டில் அரிதினும் அரிது.

புளூபீல்ட்டின் தோற்றத்துக்குக் காரணம் நிலக்கரியே. 1883இல் பொக்கஹொந்தஸ் சுரங்கத்திலிருந்து முதன்முதலாக நிலக்கரி புகையிரதம் மூலம் நோர்போக் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டது. அதன்பின் நோர்போக் அன்ட் வெஸ்டேர்ன் புகையிரதக் கம்பெனி தன் பெரிய தரிப்பிடங்களுள் ஒன்றை இங்கு அமைத்தது. சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் வெட்டப்பட்ட கரியெல்லாம் இவ்வூர்த் தண்டவாளங்களில் வந்து கூடியது. கணிதமேதை ஜோன் நாஷ் 1928இல் பிறந்தது இவ்வூரிலேதான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 அடி உயரத்தில் உள்ளமையால் கோடையிலும் குளிர்ச்சி குன்றாத ஊர் இது. வெப்பநிலை 90 பாகை பரனைற்றைத் தாண்டும் நாளில் ஊர் வர்த்தக சங்கம் மக்களுக்கு எலுமிச்சைப் பானத்தை இலவசமாக வழங்கும் வழக்கம் இன்னும் அவ்வூரின் பெருமைகளுள் ஒன்றாகப் பேசப்படுகின்றது.

ஊரின் போவன் மைதானம் 1939இல் அமைக்கப்பட்டது. நகரம் மேற்கு வேர்ஜீனியாவிலும், அதன் மைதானம் மாநில எல்லைக்கு அப்பால் வேர்ஜீனியாவிலும் கிடக்கும் விந்தை இங்குண்டு. மைதானம் எழுமுன்னரே, 1937இல், மவுண்டன் ஸ்ரேற் லீக்கில் புளூ கிரேஸ் என்னும் கழகம் இவ்வூரின் பெயரால் ஆடத் தொடங்கியிருந்தது. உலகப் போரின் பின்னர் 1946இல் அது அப்பலாச்சியன் லீக்கில் இணைந்தது. அக்கால லீக் நிலக்கரி ஊர்களின் லீக் என்று சொல்லுமளவுக்கு அத்தொழிலின் முத்திரையைத் தாங்கியது. அயலூரான வெல்ச்சின் அணி 'சுரங்கத் தொழிலாளர்' என்னும் பெயரையே பூண்டிருந்தது. அந்த அணிக்கெதிராகத்தான் 1952 மே 13ஆம் நாள், பிரிஸ்ரல் அணியின் 19 வயதுப் பந்தெறிவாளர் றொன் நெச்சாய், ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஓர் ஆட்டத்தில் 27 பேரை 'ஸ்ரைக் அவுட்' முறையில் வெளியேற்றினார். அதே ஆண்டில் அவர் பெரு லீக்கை அடைந்தார். அங்கு அவர் வென்ற ஆட்டம் ஒன்றே ஒன்று. உடல்நலக்குறைவும் தோளில் ஏற்பட்ட காயமும் அவரது ஆட்ட வாழ்வை விரைவில் முடித்துவிட்டன. சிறு லீக்குகளின் உண்மை நிலையை அறிய விரும்புவோர் பெரும் புகழாளரின் வரலாற்றிலும் பார்க்க இத்தகையோரின் வரலாற்றை நோக்குதல் தகும்.

புளூபீல்ட் கழகம் 'புகுமுக நிலை' எனப்பட்ட கீழ்ப்படியில் ஏன் வைக்கப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள, சிறு லீக்குகளின் பொருளாதாரத்தைச் சற்று நோக்குதல் வேண்டும். தொடக்கத்தில் சிறு ஊர்க் கழகங்கள் தமக்கென வீரரை வைத்திருந்து, சிறந்தோரைப் பெருங்கழகங்களுக்கு விற்று வாழ்ந்தன. 1920களில் சென்.லூயிஸ் கழகத்தைச் சேர்ந்த பிராஞ்ச் றிக்கி, அவ்வாறு விலைகொடுத்து வாங்குவதிலும் பார்க்க ஊர்க் கழகங்களையே கைக்கொண்டு அவற்றில் வீரரை வளர்ப்பது மலிவென்று கண்டார். இதுவே 'பண்ணை முறை' எனப் பெயர் பெற்றது. பெயரே அதன் இயல்பைச் சொல்லும். 1949இல் 59 சிறு லீக்குகள் இயங்கின. அவற்றின் ஆட்டங்களைக் கண்டோர் தொகை ஏறத்தாழ நான்கு கோடி. பின்னர் தொலைக்காட்சி வந்தது. பெருநகர ஆட்டத்தை வீட்டிலிருந்தே காண முடிந்தவர் ஊர் மைதானத்துக்குச் செல்வதைக் குறைத்தனர். 1963இல் லீக்குகள் இருபதுக்கும் குறைந்திருந்தன. அவ்வாண்டுச் சீரமைப்பில் பழைய பி, சி, டி வகுப்புகள் ஒழிந்தன. அப்பலாச்சியன் லீக் புகுமுக நிலையை அடைந்தது. வீரரின் சம்பளத்தைத் தாய்க்கழகம் ஏற்றது. மைதானமும் நுழைவுச்சீட்டும் ஊரவர் பொறுப்பாயின. கழகம் பிழைத்தது, ஆனால் யார் ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஊரின் கையைவிட்டு முற்றாகப் போயிற்று.

புகுமுக நிலைப் பருவம் யூனில் தொடங்கி ஓகஸ்ட் முடிவில் அல்லது செப்ரெம்பர் தொடக்கத்தில் நிறைவுறும். ஏறத்தாழ 70 ஆட்டங்கள். வருவோர் பெரும்பாலும் பாடசாலையை அப்போதுதான் விட்ட இளைஞர். பூக் பவல் 1959இலும், டொன் பெய்லர், பொபி கிறிச் ஆகியோர் 1967இலும், எடி மறே 1973இலும் இங்கு ஆடினர். இவர்களுள் பவல் 1970இலும், பெய்லர் 1979இலும் அமெரிக்கன் லீக்கின் மிகச்சிறந்த வீரராகத் தெரிவு செய்யப்பட்டனர். மறே, பெரு லீக்கில் 3,255 அடிகளும் 504 ஹோம் ரன்களும் பெற்று ஓய்ந்தவர்.

1978இல் வந்தவரின் கதை சற்று வேறுபட்டது. கல் றிப்கன் பிறப்பாலேயே ஒரியோல்ஸ் குடும்பத்தவர். தந்தையார் அந்நிறுவனத்தின் சிறு லீக் அணிகள் பலவற்றை நெறிப்படுத்தியவர். மகனைப் பந்தெறிவாளராக்குவதா, ஷோர்ட்ஸ்டொப் நிலையில் நிறுத்துவதா என்ற ஐயம் அப்போது நிலவியது. புளூபீல்டில் ஷோர்ட்ஸ்டொப் நிலையில் நின்ற அவர் அப்பருவத்தில் ஒரு ஹோம் ரன் தானும் அடிக்கவில்லை; களத்தில் அவர் இழைத்த தவறுகளோ பல. அந்த ஒரு பருவத்தை மட்டும் கண்டவர் எவரும் அவருக்குப் பெரு லீக்கில் நீண்ட வாழ்வுண்டு எனக் கூறத் துணிந்திரார். அவரே பின்னர் 1982 முதல் 1998 வரை 2,632 ஆட்டங்களில் ஒன்றையும் தவறவிடாது தொடர்ந்து ஆடி, லூ கெறிக்கின் 2,130 என்ற சாதனையைக் கடந்தார். தவறு செய்ய இடமளிப்பதே புகுமுக நிலையின் பயன் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் இங்கு வந்தோருட் பெரும்பாலோர் பெரு லீக்கை ஒருநாளும் காணாதவர் என்பதையும் மறத்தலாகாது.

கழகம் தொடர்ந்தபோது ஊர் தேய்ந்துகொண்டிருந்தது. சுரங்கங்களில் இயந்திரங்கள் புகுந்தன, தொழில் குறைந்தது. வெல்ச் அமைந்துள்ள மக்டவல் கவுண்டியில் 1950இல் ஏறத்தாழ 99,000 மக்கள் வாழ்ந்தனர். 2020இல் எஞ்சியோர் 19,000 பேர் அளவினர். புளூபீல்ட் நகரும் 21,000க்கு மேலிருந்து 10,000க்குக் கீழே இறங்கியது. மலையிலிருந்து கரியையும், ஊரிலிருந்து வீரரையும் வெளியார் கொண்டு சென்றனர் என ஒப்பிடுவது எளிது. ஆனால் அவ்வொப்புமை முழுதும் பொருந்தாது. வீரர் இவ்வூரில் விளைந்தவர் அல்லர்; வெளியிலிருந்து வந்து, ஒரு கோடை தங்கிச் சென்றவர். ஊரவர்க்குக் கிடைத்தது அக்கோடை மாலைகளே. வேறெதுவும் நிலையாதிருந்த இடத்தில் அதுவும் சிறிதன்று.

2010 பருவத்தோடு பால்ரிமோர் விலகிற்று. ரொறன்ரோ புளூ ஜெய்ஸ் அவ்விடத்தை ஏற்க, 2011இல் கழகம் புளூபீல்ட் புளூ ஜெய்ஸ் ஆயிற்று. 2016இல் 17 வயதினரான விளாடிமிர் குரேரோ ஜூனியர் இங்கே தன் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார்.

2019 நவம்பரில், 42 சிறு லீக் கழகங்களோடு தொடர்பை முறிக்கும் பெரு லீக்கின் திட்டம் வெளியாயிற்று. அப்பட்டியலில் அப்பலாச்சியன் லீக்கின் ஊர்கள் பல இடம்பெற்றன. மைதானங்களின் தரம் போதாது, பயணத் தொலைவு மிகுதி, வீரர் தொகை தேவைக்கு மேற்பட்டது என்பன கூறப்பட்ட காரணங்கள். இவற்றுள் உண்மை இல்லாமலில்லை. எனினும் சம்பளப் பிரச்சினையை விலக்கி இதனை நோக்க முடியாது. அக்காலத்தில் புகுமுக நிலை வீரரின் குறைந்தபட்ச வாரச் சம்பளம் 290 டொலர். அதுவும் பருவகாலத்தில் மட்டுமே. குறைந்த கூலிச் சட்டத்தை மீறியதாகப் பெரு லீக்குக்கு எதிராக வீரர் தொடுத்த வழக்கு 2014 முதல் நடந்துகொண்டிருந்தது. 2018இல் பாராளுமன்றம் சிறு லீக் வீரரை அச்சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து பெரும்பாலும் விலக்கியது. இதற்கும் முன்பாக, 1922இல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் பேஸ்போல் தொழில் வர்த்தக ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு உட்படாததாயிருந்தது. ஊர்களிடம் எதிர்க்கும் வலிமை எங்கிருந்து வரும்?

2020 பருவம் கோவிட் தொற்றினால் நடைபெறவில்லை. அவ்வாண்டு செப்ரெம்பரில், பழைய ஒப்பந்தம் காலாவதியாவதற்கு முதல்நாள், அப்பலாச்சியன் லீக் பல்கலைக்கழக மாணவர்க்கான கோடை லீக்காக மாறும் என அறிவிக்கப்பட்டது. தாய்க்கழகங்களோடு இணைந்த சிறு கழகங்களின் தொகை 160இலிருந்து 120 ஆகக் குறைந்தது. 2022இல் சிறு லீக் வீரர் தொழிற்சங்கத்தில் இணைந்தனர். மேற்கூறிய வழக்கும் 18 கோடியே 50 இலட்சம் டொலர் இணக்கத்தோடு முடிவுற்றது. 2023 மார்ச்சில் எய்திய கூட்டு ஒப்பந்தத்தினால் புகுமுக நிலை வீரரின் ஆண்டுச் சம்பளம் 4,800 டொலரிலிருந்து 19,800 டொலராக உயர்ந்தது. அதற்குள் அப்பலாச்சிய ஊர்களில் அந்நிலையே இல்லாதொழிந்திருந்தது.

2021 கோடையில் போவன் மைதானத்தில் இறங்கிய அணியின் பெயர் புளூபீல்ட் றிட்ஜ் ரன்னர்ஸ். அதில் ஆடியோர் கல்லூரி மாணவர். தொழில்முறை சாரா ஆட்டக்காரர் என்ற தகுதியை இழக்காதிருத்தற்பொருட்டு, அவர்கள் ஆட்டத்துக்குச் சம்பளம் பெறுவதில்லை.