கொட்டலசுக் கூட்டில் வாழும் லிட்டோரினா: ஓடும் வாழிடமும் இரு சான்றுகளா?

லிட்டோரினா நெக்லெக்டாவைத் தனிச் சிற்றினமாகக் கொள்வோரின் வலுவான வாதம், ஓடும் வாழிடமும் ஒரே முடிவைச் சொல்கின்றன என்பது. அலை கடுமையாக மோதும் பிரித்தானியப் பாறைக்கரைகளில், செத்த கொட்டலசுகளின் வெற்றுக் கூடுகளுக்குள் இந்நத்தை வாழ்கிறது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவிலேயே இனமுதிர்ச்சி அடைகிறது. இதன் விவரிப்பு 1844இல் பீன் பெயரால் வெளியானது. இதைத் தனிச் சிற்றினமாகக் கொள்வோர் வடிவத்தையும் இடத்தையும் தனித்தனிச் சாட்சிகளாகவே எண்ணிவந்தனர். அவை தனித்தனிச் சாட்சிகள் அல்ல என்பதே என் வாதம்.

ரீட் 1993இல் வெளியிட்ட ஆய்வை இதற்காகவே மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது. கொட்டலசுகளிடையே வாழும் குறுவடிவம் ஒன்றல்ல. லிட்டோரினா பேரினத்தின் சாக்ஸாட்டிலிஸ், ஆர்க்கானா, கம்ப்ரெஸ்ஸா ஆகிய மூன்று சிற்றினங்களிலும் அது உண்டு என்று அவர் காட்டினார். இம்மூன்றையும் பிரித்தறிய ஓடு போதாது. பெண் நத்தையின் உள்ளுறுப்பைப் பார்க்க வேண்டும். சாக்ஸாட்டிலிஸ் தன் கருக்களை உடலுக்குள் ஒரு பையில் சுமந்து, ஊர்ந்து செல்லும் குஞ்சுகளாக வெளிவிடும். மற்ற இரண்டும் முட்டைகளைக் கூழ்த்திரளாகப் பாறையில் இடும். மூன்று வேறு வழிமரபுகள் ஒரே இடுக்கில் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்கின்றன என்றால், அந்த வடிவம் இடத்தைச் சொல்கிறதே தவிர மரபைச் சொல்லவில்லை. ஓட்டைப் பார்த்தபின் வாழிடத்தையும் சேர்ப்பது, ஒரே சான்றை இருமுறை எண்ணுவதாகிவிடும்.

இதே ஆய்வை வேறுவிதமாகவும் படிக்கலாம். முட்டையிடும் இரண்டையும் விலக்கிவிட்டால், கருச்சுமக்கும் குறுவடிவம் மட்டும் உண்மையான நெக்லெக்டாவாக எஞ்சும் என்பது அந்த வாசிப்பு. தர்க்கப்படி இதற்கு இடமுண்டு. ஆனால் கருச்சுமத்தல் சாக்ஸாட்டிலிஸுக்கும் உரியது. ஆகவே இரண்டையும் பிரிக்க மிஞ்சுவது மறுபடியும் அளவும் இடமும்தான். அவற்றின் சாட்சியம்தான் ஏற்கெனவே கேள்விக்குள்ளாகிவிட்டது. சில கரைகளில் பெரிய வடிவத்துக்கும் சிறியதற்கும் இடைப்பட்டவை அரிது என்பதைக் கருத்தில் கொள்கிறேன். ஆனால் சாக்ஸாட்டிலிஸில் ஒத்த அளவுள்ளவை இணைசேரும் போக்கு இருக்கிறது; இடைவடிவங்கள் குறைவதற்கு அதுவே ஓரளவு காரணமாகலாம். நண்டு மிகுந்த இடத்தில் தடித்த ஓடும் சிறு வாயும், அலை மோதும் இடத்தில் மெல்லிய ஓடும் அகன்ற வாயும் கொண்ட சாக்ஸாட்டிலிஸ் வகைகளிடையேயும் மரபணுப் பரிமாற்றம் ஓரளவு தடைப்படுகிறது. அவற்றை யாரும் தனிச் சிற்றினமாக ஏற்பதில்லை. குறுவடிவத்துக்கு மட்டும் வேறு அளவுகோல் எதற்கு?

கள அடையாளத்துக்குத் தனிப்பெயர் வசதி என்பது வகைப்பாட்டு வாதமே அல்ல. குறுவடிவங்கள் சாக்ஸாட்டிலிஸின் இளம் நத்தைகளே என்ற பழைய ஐயமும் நிற்காது. முதிர்ந்த கருக்களைச் சுமக்கும் பெண்கள் அந்த அளவிலேயே கிடைக்கின்றன.

பழைய சேகரங்களில் நெக்லெக்டா என்று ஒட்டப்பட்ட உலர்ந்த ஓடுகளைக் குறுவடிவப் பதிவுகளாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். பரவல் வரைபடத்தில் ஒரு சிற்றினமாகக் குறிப்பது தவறு. புதிதாகச் சேகரிப்போர் பெண்களைத் திறந்து பார்த்தபின்பே பெயரிட வேண்டும். ஆண் நத்தைகளில் உறுதி குறைவு என்பதால், ஐயம் உள்ளவற்றை, இம்மூன்று சிற்றினங்களும் அடங்கிய சாக்ஸாட்டிலிஸ் தொகுதி என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மையானது.