பூச்சு இல்லாத சுவர்

வித்துரா எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி போகும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்னால் வரும் ஊர். ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனத்தின் வளாகம் அங்கேதான். மழைக்குப் பஞ்சமில்லாத மலையடிவாரம். இங்கே என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அந்த ஊர்க்காரர், அங்கே வீடு கட்டுகிறார். இன்டீரியர் படங்களைக் காட்டினார். ஹாலில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். ஒரு பக்கம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. டிவிக்குப் பின்னால், பூசி முடித்த சுவரின்மேல் செங்கல் மாதிரியே தெரியும் டைல்ஸ்! அதற்குச் சதுர அடிக் கணக்கில் தனிக்கூலி. வீட்டில் இருக்கப் போவதோ அவருடைய அம்மா மட்டும்.

எனக்கு லாரி பேக்கர்தான் ஞாபகத்துக்கு வந்தார். நிஜச் செங்கலைக் காசே இல்லாமல் அழகாகக் காட்டிய அந்த மனுஷர் வாழ்ந்த நாலாஞ்சிறையிலிருந்து வித்துரா நாற்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும்.

பேக்கர் 1917ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். கட்டடக்கலை படித்தவர். இரண்டாம் உலகப்போரின்போது சீனாவில் மருத்துவக் குழுவோடு இருந்துவிட்டு, ஊர் திரும்பக் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்தார். வீடு கட்டும் பொருளெல்லாம் ஐந்து மைலுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கடைசிவரை அவர் விடவில்லை. 1945ல் தொழுநோய் மருத்துவமனைகளுக்குக் கட்டடம் கட்ட வந்தவர், கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்து இங்கேயே தங்கிவிட்டார். பித்தோராகர் மலைகளில் பல வருடம், பிறகு வாகமண், அப்புறம் திருவனந்தபுரம். 2007 ஏப்ரல் 1ஆம் தேதி அங்கேயே காலமானார்.

அவர் செய்தது என்ன? முதலில் சுவர். செங்கல்லைப் படுக்கப் போடாமல் குத்துவாட்டில் வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. எலிப்பொறிக் கட்டு என்று பெயர். கால்வாசிச் செங்கல் மிச்சம், நடுவில் அடைபட்ட காற்று வெயிலை உள்ளே விடாது. வெளியிலும் பூச்சு கிடையாது, உள்ளேயும் கிடையாது. அப்புறம் கூரை. கான்கிரீட் தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்துவிடுவார். சிமென்ட் குறையும், எடை குறையும். கீழே படுத்துக்கொண்டு பார்த்தால் ஓட்டு வரிசையே சீலிங் டிசைன். (இந்த ஓடும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனதுதான். பாசல் மிஷன்காரர்கள் 1865ல் மங்களூரில் தொழிற்சாலை போட்டார்கள்.)

எனக்கு மிகவும் பிடித்தது ஜாலி. நம்ம ஜாலி இல்லைங்க, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர் :-) ஒரு ஜன்னலுக்கு மரம், கண்ணாடி, கம்பி, தச்சர் கூலி எல்லாம் சேர்த்தால் அதே அளவு சுவருக்கு ஆவதைவிடப் பல மடங்கு ஆகும். ஜாலியில் காற்றும் வரும், வெளிச்சமும் வரும், திருடன் வர முடியாது. தரையில் விழும் நிழல் மணிக்கு மணி மாறும். எந்த டிசைனர் வரைவார் இதை?

எழுபதுகளின் தொடக்கத்தில் உருவான வளர்ச்சி ஆய்வு மையத்தின் உள்ளூர் வளாகம் முழுக்க இப்படித்தான் எழுந்தது. அச்சுத மேனன், கே.என். ராஜ், பேக்கர் போன்றவர்கள் சேர்ந்து 1985ல் காஸ்ட்ஃபோர்டு அமைப்பைத் தொடங்கினார்கள். ஆனால் இதே எழுபதுகளில்தான் வளைகுடாப் பணமும் கேரளத்துக்குள் வர ஆரம்பித்தது. கடல் தாண்டிச் சம்பாதித்தவன் வீட்டுச் சுவர் செங்கல் தெரிய நின்றால் ஊர் என்ன சொல்லும்? காசு தீர்ந்து போச்சு என்று சொல்லும். நம்ம நாகர்கோவில் பக்கமும் இதே கதைதான். அதனால் கான்கிரீட் பெட்டி, பளபள தரை, மத்தியானம் உள்ளே உட்கார முடியாத சூடு, பிறகு ஏசி. இப்போது அதே செங்கல் ஸ்டிக்கராகவும் டைல்ஸாகவும் வருகிறது, விலையோடு.

பேக்கர் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்ல மாட்டேன். உள்ளூர்க்காரர்கள் கட்டுவதைப் பார்த்துக் கற்றவர் அவர். தக்கலைக்குப் பக்கத்தில், 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். மந்திரசாலையில் மரச்சட்டங்களை வரிசையாகச் சாய்த்து வைத்த ஜன்னல்கள். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. கண்ணாடி போல மின்னும் கருப்புத் தரை அந்த வெக்கையிலும் காலுக்குக் குளிர்ச்சி.

குறை இல்லாமலும் இல்லை. ஜாலியில் தூசி சேரும், பல்லி குடியிருக்கும், கொசுவலை அடிக்காவிட்டால் ராத்திரி தூங்க முடியாது. வித்துரா மாதிரி மழை ஊரில் கூரையின் இறவாணம் நன்றாக நீண்டு சுவரை மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் செங்கல்லில் பாசி படியும். வேலை தெரிந்த கொத்தனாரும் வேண்டும். பூசுகிற சுவரில் கோணலை மறைத்துவிடலாம், இதில் முடியாது.

வீட்டை ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் இடிக்க வேண்டாம். படிக்கட்டுப் பக்கத்துச் சுவர் பாரம் தாங்காத சுவராக இருந்தால், எஞ்சினியரிடம் கேட்டுக்கொண்டு, அதில் மட்டும் ஜாலி வைக்கலாம். சோபா செட் வாங்கும் காசில் ஜன்னலோரம் செங்கல் திண்ணை கட்டி மேலே காவி தேய்க்கலாம். முட்டி வலிக்காத உயரத்தில் கட்டச் சொல்லுங்கள், வயசானவர்கள் அதில்தான் பகலெல்லாம் உட்காருவார்கள். அடைத்துவிட்ட வென்டிலேட்டரைத் திறந்தாலே மேலே தேங்கிய சூடு பாதி இறங்கும்.

நம்பிக்கை வராவிட்டால் அடுத்த லீவில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸுக்குப் போங்கள். சுருள் சுருளாக ஏறும் கட்டடம், மேஜையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியவை, வெளிச்சுவரெல்லாம் ஓட்டை. பீட்ரூட் போட்ட மசால் தோசை பிடிக்குமா என்பது உங்கள் பாடு. உட்காரும்போது கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள்.