அளவும் உண்மையும்



பல ஆண்டுகளுக்கு முன்னர், கொல்லிமலையில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்தேன். ஒரு நாள் விளையாட்டுத் திடலின் நீளத்தை அளந்து வருமாறு மாணவர்களைப் பணித்தேன். 50 அடி நாடாவால் அளந்த ஐந்து குழுவினரும் 200 அடி என்றனர். ஒரு சிறுவன் மட்டும், துணிக்கடைக் கஜக்கோலுக்கு ஒப்ப வெட்டிய மூங்கிற்கோலால் அளந்து, 199 அடி என்றான். அவனைக் கடிந்து அமரச் செய்தேன்.

மாலையில் நாடாவை விரித்துப் பார்த்தேன். அதன் முனையில் 3 அங்குலம் அறுந்துபோய், வளையம் மறுபடியும் தைக்கப்பட்டிருந்தது. நான்கு முறை இட்டால் 12 அங்குலம் பிழை! ஐந்து குழுவினரின் அளவுகளும் ஒன்றோடொன்று நுட்பமாகப் பொருந்தின. ஆனால் உண்மையோடு பொருந்தவில்லை.

இவ்வேறுபாட்டை நன்குணர்ந்து செயற்பட்டவர் வில்லியம் லாம்டன். இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கியவர் அவரே. ஒரு கோட்டின் நீளமும் அதன் இரு முனைகளில் அமையும் கோணங்களும் தெரிந்தால், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களைக் கணக்கிட்டு விடலாம். ஆகவே முதற்கோடு பிழைபட்டால் அனைத்தும் பிழைபடும். அந்த அடிக்கோட்டை 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தை அளக்க ஆறு வாரங்கள் ஆயின!

ஏன் இத்துணைத் தாமதம்? அவரது கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால், அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அங்குலம் நீளும். அற்பம் என்பீர்கள், ஏழரை மைலில் அதுவே நாலரை அடியாகப் பெருகும். ஆதலால் சங்கிலியை மரப்பெட்டிகளில் தாங்கி, வெப்பமானிகளை உடன் வைத்துத் திருத்தம் கணக்கிட்டார்.

அத்துடன் அவர் நிறைவடையவில்லை. 1804-இல் பெங்களூர் அருகே மற்றொரு கோட்டை நேரடியாக அளக்கச் செய்தார். சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியே கணக்கிட்ட நீளத்தோடு அதனை ஒப்பிட்டபோது, வேறுபாடு 4 அங்குலத்திற்கும் குறைவு! தம் அளவையைத் தாமே சோதனைக்கு உட்படுத்தியமையே அவரது பெருமை.

ஒரே கருவியால் நூறு முறை அளப்பது, அக்கருவியின் குறையை நூறு முறை கூறுவதாகவும் முடியலாம். வேறொரு வழியில் சரிபார்ப்பதே அறிவியல்.

மறுநாள் வகுப்பில், அனைவர் முன்னிலையிலும் அச்சிறுவனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அவனது மூங்கிற்கோல் அன்று எனக்கும் ஆசிரியனாயிற்று.