திண்ணை போன பிறகு

தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகிற வழியில் சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ இறங்கி, பழைய தெரு ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். இடிபடாமல் தப்பிய வீடுகளில் வாசலுக்கு இருபுறமும் திண்ணை இருக்கும். வீடு கட்டும்போதே உட்காரும் இடத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள் பெரியவர்கள். ஆகவே வாசலில் போட்டுக்கொள்ள மரத்தில் ஆசனம் செய்யும் அவசியம் நமக்கு அதிகம் ஏற்படவில்லை. நாற்காலி என்றால் அது கச்சேரியில் அதிகாரிக்கு; அல்லது மலைமேல் தோட்டத்துத் துரையின் பங்களா வராந்தாவுக்கு. பிறகு சிமெண்டு வீடுகள் வந்தன. திண்ணை போயிற்று. அது இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் நாற்காலி உட்கார்ந்திருக்கிறது. நாம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம்.

தச்சு வேலை அறியாதவர்கள் தங்களுக்கு வேண்டிய பெஞ்சுகளைத் தாங்களே செய்துகொண்ட கதை ஒன்று நம்மவர்களின் சரித்திரத்திலேயே உண்டு. அது நடந்தது கடல் கடந்து, தென்னாப்பிரிக்காவில்.

டிரான்ஸ்வால் சர்க்காரின் பதிவுச் சட்டத்தை எதிர்த்து இந்தியர்கள் சிறை சென்றுகொண்டிருந்த காலம். சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம். குடும்பத் தலைவன் உள்ளே போய்விட்டால் வெளியே இருக்கும் மனைவி மக்களுக்குச் சோறு போடுவது யார்? ஜோஹான்னஸ்பர்க்கில் கட்டடக் கலைஞராக இருந்த ஹெர்மன் காலன்பாக் என்ற ஜெர்மானிய யூத நண்பர், 1910-ஆம் ஆண்டு மே மாதம் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையில்லாமல் காந்திஜியிடம் ஒப்படைத்தார். அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார்கள். நகரத்திலிருந்து 21 மைல். சொந்தக் காரியமாகப் போகிறவர்கள் நடந்துதான் போகவேண்டும் என்பது அங்கே விதி.

பத்துப் பெண்களும் அறுபது ஆண்களும் தங்கும்படி தகரக் கொட்டகைகள் எழும்பின. கட்டட வேலைக்கு ஒரு குஜராத்தித் தச்சர் கூலி வாங்காமலே வந்து உதவினார். தமக்குத் தெரிந்த வேறு தச்சர்களையும் குறைந்த கூலிக்கு அழைத்து வந்தார். ஆனால் கொட்டகைக்குள் என்ன இருந்தது? ஒன்றுமில்லை! வாங்கிப் போடப் பணமும் இல்லை. எனவே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை வைத்து, பெஞ்சு முதல் பெட்டி வரை எல்லாவற்றையும் தாங்களே செய்துகொண்டார்கள். பட்டறைக்குத் தலைவர் காலன்பாக். அவர் கணக்கில் அளவு என்றால் அளவுதான். அணு பிசகக் கூடாது. இரவில் எல்லோரும் திறந்த வராந்தாவில் படுத்தார்கள். ஆளுக்கு இரண்டு கம்பளி, ஒரு மரத் தலையணை. (மரத் தலையணை என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்கள், சிறையிலிருந்து திரும்பியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.)

அந்தப் பட்டறையில் என் மனத்தைக் கவர்ந்தது பெஞ்சு அல்ல. வக்கீலின் பிள்ளை, வியாபாரியின் பிள்ளை, கூலிக்காரரின் பிள்ளை எல்லோரும் ஒரே உளியைப் பிடித்தார்கள். ஆசிரியர் தாம் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் ஏவக்கூடாது என்பது பண்ணையின் முறை. 1913-ல் பண்ணை காலியாயிற்று. ஆனால் அங்கே கிடைத்த அனுபவம் காந்திஜியை விடவில்லை. 1937-ல் வார்தாவில் கூட்டிய மகாநாட்டில், கைத்தொழிலை நடுவில் வைத்துக் கல்வி புகட்ட வேண்டும் என்று அவர் வாதாடினார்.

அதற்குப் பதினாறு வருஷங்கள் கழித்து, 1953-ல், ராஜாஜி சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்தபோது கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் வந்தது. தினம் மூன்று மணி நேரம் படிப்பு. மீதிப் பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். இதுவும் கைத்தொழில் கல்விதானே என்று கேட்கலாம். நாடு அப்படிக் கேட்கவில்லை; குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பது என் அபிப்பிராயம். தச்சன் மகன் உளியைத் தவிர வேறொன்றைப் பிடிக்க வழியில்லாமல் போனால், அந்த உளிக்கும் விலங்குக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இந்த வித்தியாசத்தை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. தேனியில் என் வீட்டு வாசலுக்கு ஒரு பெஞ்சு செய்ய ஆசைப்பட்டு, பழைய மரம் விற்கும் கடையில் ஒரு தேக்கு உத்திரம் வாங்கினேன். ஏதோ ஒரு திண்ணை வீட்டை இடித்தபோது வந்த உத்திரம். அறுத்துத் தர வந்த ஆசாரிக்கு எழுபது வயசிருக்கும்.

"என்னங்கய்யா, ஆள் கிடைக்கலையா? சொல்லியிருந்தா நானே அடிச்சுக் கொடுத்திருப்பேனே" என்றார்.

"இல்லைங்க ஆசாரியாரே, நானே செஞ்சு பார்க்கணும்னு ஒரு ஆசை."

"ஒங்களுக்கு ஆசை வந்திருக்கு, செய்யிறீக. என்னைய யாரும் ஆசையான்னு கேக்கலைங்கய்யா. ஏழு வயசுல எங்கப்பா உளியைக் கையில கொடுத்தாரு."

அவர் மகன் கோயம்புத்தூரில் ஒரு பாங்கியில் வேலை பார்க்கிறான். அதைச் சொன்னபோது கிழவர் முகத்தில் தெரிந்த நிறைவை, பிறகு நான் அறுத்த பலகையைப் பார்த்தபோது காணவில்லை!

ஆனாலும் சொல்லிக் கொடுத்தார். பழைய மரம் நன்றாக உலர்ந்தது, அவ்வளவாக முறுக்காது. ஆனால் உள்ளே ஆணி புதைந்திருக்கும், ரம்பத்தை வைக்குமுன் தடவிப் பார்க்க வேண்டும். இழைப்புளியை நாரின் போக்கிலே தள்ளவேண்டும். எதிர்த்துத் தள்ளினால் பிய்ந்து வரும். வெளியில் கிடக்கப்போகிற பெஞ்சுக்குப் பலகைகளை நெருக்கி அடிக்கக்கூடாது. மழையில் மரம் அகலவாட்டில் ஊதும். அதற்கு விரற்கடை இடம் விட்டால்தான் தண்ணீரும் வடியும். கால்களின் அடிமுனைதான் முதலில் தண்ணீரை உறிஞ்சி உளுக்கும். எனவே மண்ணில் படாமல் கல்லின் மேல் நிறுத்தவேண்டும். ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி இன்னொன்றின் துளையில் இறுக்கும் வித்தைக்கு மட்டும் எனக்கு மூன்று நாள் பிடித்தது. அவர் கையில் அது கால்மணி வேலை.

நான்காம் நாள் மாலை பெஞ்சு நின்றது. ஆசாரி அதன்மேல் உட்கார்ந்து, ஒருமுறை அசைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாளைக்கும் முழுக் கூலியை நீட்டினேன். "நான் வேலையே செய்யலையேங்கய்யா" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு, நோட்டுகளை நிதானமாக எண்ணி மடியில் வைத்துக்கொண்டார்.