வெள்ளியணிகள் கூறும் சாட்சியம்

ஓர் அணிகலனின் பிறப்பைப் பிழைபடக் கூறுவதால் விளையும் கேட்டினைச் சிலப்பதிகாரம் கற்ற நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பொற்கொல்லன் ஒருவனின் வாய்ச்சொல்லை நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். சிலம்பை உடைத்து உள்ளிருந்த பரலைக் கண்ட பின்னரே உண்மை வெளியாயிற்று. அணியை உடைக்காமலே அதன் தரத்தையும் பிறப்பையும் அறிதற்கு இங்கிலாந்து தேசத்தார் கண்ட வழியே வெள்ளிப் பொருள்களிற் பொறிக்கப்படும் முத்திரைகளாகும்.

தூய வெள்ளி மென்மையானது. செம்பு சேர்த்தே அதனை உறுதிப்படுத்துவர். சேர்த்த செம்பின் அளவை வாங்குவோன் கண்ணாற் காண இயலாது. ஆதலின் வஞ்சகத்துக்கு இடமுண்டாயிற்று. இதனைத் தடுத்தற்கு முதலாம் எட்வேட் மன்னன் 1300ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினான். அதன்படி வெள்ளிப் பொருள்கள் நாணய வெள்ளியின் மாற்றுக்கு, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளிக்கு, குறைதல் ஆகாது. சோதித்த பின் சிறுத்தைத் தலை முத்திரையும் இடப்படல் வேண்டும். 1363இல் செய்தவனின் அடையாளமும் கட்டாயமாயிற்று. 1478 முதல் இலண்டன் பொற்கொல்லர் சங்க மண்டபத்துக்கே பொருள்களைக் கொண்டுவந்து முத்திரை பெறவேண்டியதாயிற்று. மண்டப முத்திரை எனப் பொருள்படும் ‘ஹால்மார்க்’ என்னும் பெயரும் இதனால் வந்ததே. அவ்வாண்டிலேயே ஆண்டைக் குறிக்கும் எழுத்தும், 1544இல் நடக்கும் சிங்கமும் சேர்ந்தன.

இம்முத்திரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வினாவுக்கே விடை கூறும். சிங்கத்தைக் கண்டவுடன் இலண்டன் என்று துணிதல் தவறு; அது வெள்ளியின் மாற்றை மட்டுமே காட்டுவது. ஊரை அறிய வேறு சின்னம் பார்த்தல் வேண்டும். 1773இல் மாற்றறி நிலையம் பெற்ற பேமிங்காமுக்கு நங்கூரம், அவ்வாண்டே அதனைப் பெற்ற செபீல்டுக்கு முடி, எடின்பரோவுக்குக் கோட்டை. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள பேமிங்காமுக்கு நங்கூரம் எங்ஙனம் வந்தது? சட்டம் வேண்டி இலண்டன் சென்றோர் ‘முடியும் நங்கூரமும்’ என்ற விடுதியிற் கூடியமையால் வந்ததென ஒரு கதை வழங்குகிறது. செபீல்டின் முடி 1975இல் ரோசா மலராக மாறியது. ஆண்டெழுத்தோ ஊருக்கு ஊர் வேறுபடும். இலண்டனில் 20 எழுத்துக்கள் முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையோ சூழ்ந்த கேடயத்தையோ மாற்றி மீண்டும் தொடங்கினர். ஆகவே ஊரை முதலில் அறியாது ஆண்டை அறிதல் இயலாது.

இனி, ஊர்ச்சின்னமும் செய்த ஊரைக் காட்டுவதன்று. சோதித்த ஊரையே காட்டும். செஸ்டர் நகரின் சின்னம் மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகளும் ஒரு வாளும். அது பொறித்த தொப்பி ஊசிகளும் மார்பூசிகளும் பல உள. அவற்றுட் கணிசமானவை ஹலிபாக்ஸ் நகரில் சாள்ஸ் ஹோணர் நிறுவனத்தார் செய்து, செஸ்டருக்கு அனுப்பி முத்திரை பெற்றவை. செய்தவனின் எழுத்துக்களையும் சேர்த்துப் படித்தவனே ஹலிபாக்ஸ் என்று கூறுவான். செஸ்டர் நிலையம் 1962இல் மூடப்பட்டது.

காவலுள்ள இடத்திற் கள்ளமும் உண்டு. 1720இல் வெள்ளிப் பொருள்களுக்கு அவுன்சுக்கு 6 பென்சு வரி விதிக்கப்பட்டது. சிலர் சிறிய பொருளொன்றுக்கு முத்திரை பெற்று, அத்துண்டை வெட்டியெடுத்துப் பெரிய பாத்திரத்திற் பற்றவைத்து வரியைத் தப்பினர். முத்திரையைச் சூழ்ந்த இடத்தில் வாயால் ஊதினால் ஆவி படிந்து ஒட்டுக்கோடு தோன்றுதலும் உண்டு. முத்திரையைப் போலியாகச் செய்தோருக்கு ஒரு காலத்தில் மரண தண்டனையே விதிக்கப்பட்டிருந்தது.

முத்திரையில்லாமை மட்டும் குற்றத்துக்குச் சான்றாகாது. இன்றைய பிரித்தானியச் சட்டப்படி 7.78 கிராமுக்குக் குறைந்த வெள்ளிக்கு முத்திரை கட்டாயமில்லை. ஆண்டெழுத்தும் 1999 முதல் கட்டாயமன்று.

ஆதலின் பழைய வெள்ளியணியொன்று கையில் வருமாயின், ஒரு சின்னத்தைக் கண்டதும் முடிவு கட்டாது, மாற்று, ஊர், ஆண்டு, செய்தவன் என்ற நான்கையும் தனித்தனி வினவி, அவை ஒன்றோடொன்றும் அணியின் அமைப்போடும் பொருந்துகின்றனவா என நோக்குக. பாண்டியன் தன் தீர்ப்புக்கு முன் செய்யத் தவறியதும் இவ்விசாரணையே. வரலாறு கற்கும் இளைஞருக்கும் இதுவே நன்னெறியாகும்.