வாசனைக்கு ஒரு ‘நகம்’: தூத்துக்குடி சங்குக்கும் சீனத்து நறுமணப் புகைக்கும் என்ன தொடர்பு?

தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போனவர்கள் கரைக்குக் கொண்டுவரும் சங்கைப் பார்த்திருக்கீங்களா? அதன் வாயில் பழுப்பு நிறத்தில் கெட்டியாக ஒரு மூடி இருக்கும். தொட்டால் போதும், உள்ளே இருக்கும் உயிர் சுருங்கி, இந்த மூடியால் கதவைச் சாத்திக்கொள்ளும்.

சதை சாப்பாட்டுக்கு. ஓடு வங்காளத்து வளையலுக்கு. சரி, மூடி? அது ஊதுபத்திக்குப் போகும்!

இதைத் தனியாக நெருப்பில் போட்டால் முடி கருகுற நாற்றம்தான் வரும். ஆனால் சுத்தப்படுத்தி, பொடித்து, மற்ற வாசனைப் பொருட்களோடு கொஞ்சம் சேர்த்தால் கதையே வேறு. மணம் சீக்கிரம் கலைந்துபோகாமல் பிடித்து வைக்கும்.

இந்த ரகசியம் சீனர்களுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அத்துப்படி. கடல் சங்கு, நத்தை வகைகளின் மூடியை அவர்கள் ‘ஜியாசியாங்’ என்றார்கள். 7-ம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவோ, துணிகளுக்கு வாசனைப் புகை போடச் சொன்ன கலவைகளில் இதுவும் உண்டு. நாற்றம் போக மதுவிலும் தேனிலும் வேகவைத்து, அகில், கிராம்பு, கஸ்தூரியோடு சேர்ப்பார்கள். தங்கள் தென்கடலிலேயே கிடைத்ததால் மூடிக்காக நம்மிடம் வர வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

பெயரிலும் ஒரு வேடிக்கை. சமஸ்கிருதத்தில் இது ‘நகம்’. அரபியில் ‘வாசனை நகங்கள்’. பைபிளில் யாத்திராகமம் 30-ம் அதிகாரம் சொல்லும் தூபப் பொருளைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் வைத்த பெயருக்கும் நகம் என்றே பொருள். பார்க்க அப்படித்தானே இருக்கு!

சீனாவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனது முத்து. 1015-ல் சீன அரசவைக்கு வந்த சோழத் தூதுக்குழு 21,000 லியாங்குக்கு மேல் முத்து கொடுத்ததாகச் சீன வரலாறு பதிவு செய்கிறது. ஏறக்குறைய 800 கிலோ! கூடவே யானைத் தந்தமும் குந்திரிக்கமும். ஆமாம், இன்றும் இந்தக் கரையோர தேவாலயங்களில் புகைகிற அதே குந்திரிக்கம்தான். அது இங்கே விளைந்ததல்ல, அரபுக் கடல் வழியாக வந்த சரக்கு. அதாவது, வாங்கி விற்கும் வியாபாரம் அப்போதே நடந்திருக்கு.

அந்த முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. சங்குகுளிப்பு நிற்கவில்லை. இன்னமும் மூச்சைப் பணயம் வைத்துத்தான் ஆட்கள் இறங்குகிறார்கள்.